திரைத்துறைப் பெண்கள் ஒரே வாழ்நாளில் இத்தனை தொழில்கள் மாறுவது விருப்பத்தாலா, வேறு வழியின்மையாலா?

கேட்டவர்: நூலடுக்கு

அனைவருக்கும் வணக்கம். தென்னிந்தியத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய பெண்களைப் பற்றி எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்கவிருக்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், தொழில், நான்கைந்து வரிக் குறிப்பு ஆகியவற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 'தொழில்' என்ற இடத்தை நிரப்புவதில்தான் தடுமாறி நிற்கிறேன். பானுமதிக்கு நடிகை என்று எழுதினால் பாடகி, இயக்குநர், இசையமைப்பாளர், ஸ்டுடியோ உரிமையாளர், சிறுகதை எழுத்தாளர் ஆகிய அனைத்தும் விடுபட்டுப் போகின்றன. சுஹாசினி ஒளிப்பதிவு படித்தவர். ஆனால் நடிகையாகத்தான் நாட்டுக்குத் தெரியும். ரோகிணிக்கு ஒரு வரி போதவே போதாது. அதே காலத்து ஆண் கலைஞர்கள் பலருக்கு ஒற்றைச் சொல்லே போதுமானதாக இருக்கிறது.

இதைப் பன்முகத் திறமை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு துறையில் மேலே ஏற வழியில்லாததால் அடுத்த துறைக்குச் சென்றார்களோ என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது. துறையை அறிந்தவர்கள் விளக்கினால் குறிப்புகளைப் பொறுப்போடு எழுத உதவியாக இருக்கும்.

பதில் 1: பழையரீல்

ஐயா, இந்தக் கதையை டி. பி. ராஜலட்சுமியிலிருந்து தொடங்குவதே முறை. 1911இல் பிறந்து, சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வழியே திரைக்கு வந்தவர் அவர். ஐந்தே ஆண்டுகளில், தாம் எழுதிய நாவலை 'மிஸ் கமலா' என்ற பெயரில் தாமே தயாரித்து, இயக்கி, நடித்து 1936இல் வெளியிட்டார். அன்று திரைத்துறையில் தொழில்கள் இன்றுபோல் கறாராகப் பிரிக்கப்படவில்லை. நாடக மேடையில் பாடவும் ஆடவும் வசனம் திருத்தவும் பழகியவர்களுக்குப் படப்பிடிப்புத் தளமும் அதன் நீட்சியாகவே இருந்தது. ஆகவே அவர் செய்ததைத் தொழில் மாற்றம் என்று சொல்வதைவிட, ஏற்கெனவே கைவந்த வேலைகள் அனைத்தையும் தம் பெயரிலேயே செய்தார் என்று சொல்வதே பொருந்தும்.

பானுமதியின் நிலை வேறு. அவர் நிறுவன பலத்தோடு இயங்கியவர். கணவர் ராமகிருஷ்ணாவுடன் சேர்ந்து, மகன் பரணியின் பெயரில் படநிறுவனத்தையும் ஸ்டுடியோவையும் நடத்தினார். 1953இல் 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கி, அதில் இரட்டை வேடத்திலும் நடித்தார். தளம், முதலீடு இரண்டும் சொந்தமாக இருந்ததால் 'இந்த அம்மாளுக்கு இயக்கத் தெரியுமா' என்று கேட்கும் அதிகாரம் வெளியார் எவருக்கும் இருக்கவில்லை.

சாவித்திரியை இவ்விருவரோடும் ஒரே வரிசையில் வைத்துவிடாதீர்கள். 1968இல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு', அடுத்த ஆண்டு தமிழில் 'குழந்தை உள்ளம்', 1971இல் 'பிராப்தம்' என்று இயக்குநராக அவர் உழைத்தது உண்மை. அதே ஆண்டுகளில் அவருடைய செல்வம் கரைந்ததும் உண்மை. நடிப்பில் ஈட்டிய சொந்தப் பணத்தைப் பணயம் வைத்தால்தான் இயக்குநர் நாற்காலி என்ற நிலை இருந்ததால், படம் தோற்றபோது வீழ்ச்சியும் அவருடைய வீட்டுக்குள்ளேயே நேர்ந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு இயக்குகிறவருக்கு ஒரு படம் தோற்றால் வாய்ப்பு போகும், வீடு போகாது.

பதில் 2: சாலிகிராமவாசி

மேலே எழுதியவர் மீது மதிப்பு உண்டு. ஆனால் கேள்வியின் அடிப்படையையே நான் ஏற்கவில்லை. ஆண்களும் தொழில் மாறித்தான் இருக்கிறார்கள். பாக்யராஜ் எழுதினார், இயக்கினார், நடித்தார், இசையமைத்தார், பத்திரிகையும் நடத்தினார். டி. ராஜேந்தர் செய்யாத வேலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒளிப்பதிவாளர்கள் இயக்குநர்களாவதும், இயக்குநர்கள் நடிக்க வருவதும் நம் ஊரில் அன்றாடம் நடப்பவை. நிலையற்ற வருமானம் உள்ள தொழிலில் யாராக இருந்தாலும் இரண்டாவது வேலையைக் கைக்குள் வைத்திருப்பார்கள். இதற்குப் பெண் என்ற காரணம் மட்டுமே போதுமா?

பெண்கள் தொடர்ந்து ஒரே துறையில் நின்று உச்சம் தொட்டதற்கும் சான்றுகள் உள்ளன. நடன இயக்கத்தில் கலா மாஸ்டர் 'கொச்சு கொச்சு சந்தோஷங்கள்' என்ற மலையாளப் படத்துக்குத் தேசிய விருது பெற்றார். ஆடை வடிவமைப்பில் பூர்ணிமா ராமசாமி 'பரதேசி' படத்துக்கு அதே விருதைப் பெற்றார். இவர்களையும் கண்காட்சியில் சேருங்கள்; எல்லாரையும் பல கை கொண்ட தேவியராகக் காட்டிவிட வேண்டாம்.

பதில் 3: வழக்காடுமொழி

சாலிகிராமவாசி குறிப்பிட்ட இரண்டு துறைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். நடனமும் ஆடையும் பெண்களுக்கு 'உகந்தவை' என்று முன்பே ஒத்துக்கொள்ளப்பட்ட துறைகள். ஆண் தொழில் மாறும்போது அவருடைய பழைய கதவு திறந்தே இருக்கிறது. பெண்ணின் வாழ்க்கையில் சில கதவுகள் எழுத்துபூர்வமான விதியாலேயே பூட்டப்பட்டிருந்தன. இதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது.

மும்பையில் திரைப்பட ஒப்பனைக் கலைஞர்களின் சங்கம், ஒப்பனைக் கலைஞருக்கான உறுப்பினர் அட்டையை ஆண்களுக்கு மட்டுமே வழங்கியது. பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் அட்டை மட்டும்தான். முகத்தில் தூரிகை வைத்தால் விதிமீறல், தலைமுடியில் சீப்பு வைக்கலாம்! முறையாகப் பயின்ற சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு. யு. லலித் ஆகியோர் அந்த விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தனர். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் உறுப்பினராவதற்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, ஆணா பெண்ணா என்று பிரிக்கவில்லை என்பதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாநிலத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அத்தோடு வீழ்ந்தது.

இத்தகைய சங்கங்களில் அட்டை என்பது அடையாளச் சீட்டு மட்டுமன்று. அட்டை இல்லாதவரை வைத்து வேலை வாங்கினால் படப்பிடிப்பு நிறுத்தப்படும், தயாரிப்பாளருக்குத் தண்டம் விதிக்கப்படும் என்ற அச்சம் இருப்பதால், திறமை எவ்வளவு இருந்தாலும் யாரும் அழைக்க மாட்டார்கள். விதி எழுதப்படாத துறைகளிலும் பழக்கமே விதிபோல் நின்றது. ஒளிப்பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் மகள் விஜயலட்சுமி, ஒளிப்பதிவாளர் அசோக் குமாரிடம் உதவியாளராகப் பயின்று, 1985இல் 'சின்ன வீடு' படத்தின் ஒளிப்பதிவாளர் ஆனார். அதே அசோக் குமாரிடம்தான் சுஹாசினியும் உதவியாளராக இருந்தார். உதவியாளராகச் சேர்த்துக்கொள்ள ஒரு மூத்த கலைஞர் மனம் வைத்தால் கதவு திறக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. சுஹாசினி 1980இல் நடிகையானார். பிறகு தொலைக்காட்சிக்காக 'பெண்' தொடரை இயக்கினார், 'இந்திரா' படத்தை இயக்கினார், 'இருவர்' படத்துக்கு வசனம் எழுதினார். விஜயலட்சுமியும் பின்னர் இயக்கத்துக்கும் தொலைக்காட்சித் தயாரிப்புக்கும் சென்றார். இருவரும் விரும்பியே சென்றிருக்கலாம். நான் அவர்கள் மனத்துக்குள் புகுந்து பேசவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின் தமிழில் அடுத்தடுத்துப் பெண் ஒளிப்பதிவாளர்கள் வர ஏன் அத்தனை காலம் பிடித்தது என்ற கேள்விக்கு விருப்பம் என்பது விடையாகாது. பெண் ஒளிப்பதிவாளர்கள் தங்களுக்கென்று அகில இந்தியக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்ததே 2017இல்தான்.

பதில் 4: ஷாட்நோட்டு

நான் தொலைக்காட்சித் தொடர்களில் உதவி இயக்குநராகப் பணிபுரிகிறேன். திரைப்படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பெண்களுக்கு மாத வருமானம் என்று ஒன்றைக் காட்டியது சின்னத்திரைதான்.

ராதிகாவின் கணக்கைப் பாருங்கள். 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகமாகி, 1985இல் 'மீண்டும் ஒரு காதல் கதை' படத்தைத் தயாரித்தார். அந்தப் படம் பிரதாப் போத்தனுக்கு முதல் பட இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ஆனால் ராதிகா முதலாளியாக நிலைபெற்றது 1999இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சித்தி'க்குப் பிறகுதான். அந்தக் காலத்தில் தயாரிப்பாளர் அலைவரிசையிடம் ஸ்லாட்டை, அதாவது ஒளிபரப்பு நேரத்தை, விலைக்கு எடுத்துக்கொண்டு, விளம்பர நேரத்தைத் தாமே விற்றுக்கொள்ளும் முறை இருந்தது. தொடர் ஓடினால் லாபமும் உரிமையும் தயாரிப்பாளருக்கே. திரைப்படத்தில் வயது கூடக்கூட நடிகைக்கு அக்கா, அம்மா வேடங்களே மிஞ்சும் நேரத்தில், இங்கு அந்த வயதே கதையின் நடுவில் வந்து அமர்ந்தது.

நிழலில் இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பாகும் தொடரில், காலையில் வசனத்தாள் பக்கம் பக்கமாகத்தான் வந்து சேரும். கேமராவுக்குப் பின்னால் நின்று உரக்கப் பிராம்ப்ட் கொடுப்பதும் (வசனத்தை எடுத்துக் கொடுப்பது), கண்டினியூட்டி பார்ப்பதும் (காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் பார்ப்பது) எங்கள் வேலை. ஒரு வீட்டின் வரவேற்பறைக் காட்சிகளை ஒரே நாளில் எடுத்துவிடுவோம். அதே கதாபாத்திரம் வாசலைத் தாண்டி வெளியே வரும் காட்சி அடுத்த வாரம் வேறோர் இடத்தில் எடுக்கப்படும். அன்று நெற்றியில் எந்தப் பொட்டு, வளையல் எத்தனை, பூ வலப்பக்கம் சரிந்திருந்ததா என்பதெல்லாம் குறிப்பேட்டிலும் கைப்பேசிப் படத்திலும் இருந்தாக வேண்டும். ஒரு காட்சியில் அழுத கண்மை அடுத்த காட்சியில் துலக்கமாக இருந்தால் இல்லத்தரசிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களை ஏமாற்றவே முடியாது. இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்யும் பெண்கள் பலர் எபிசோட் இயக்குநராக உயர்வதில்லை. இரவுப் படப்பிடிப்பு, வெளியூர்ப் படப்பிடிப்பு, கழிப்பறை இல்லாத லொக்கேஷன் ஆகியவற்றுக்கு நடுவே குழந்தை பிறந்ததும் சிலர் வசனம் எழுதப் போகிறார்கள், சிலர் டப்பிங்குக்குப் போகிறார்கள். வீட்டிலிருந்தோ சில மணி நேரக் கால்ஷீட்டிலோ முடிக்கக்கூடிய வேலைகள் அவை. மலையாளத் திரைத்துறையில் பெண்களின் பணிச்சூழலை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024இல் வெளியானபோது, கழிப்பறை, உடை மாற்றும் இடம் பற்றிய பகுதிகளைப் படித்த எங்களில் யாருக்கும் வியப்பு ஏற்படவில்லை.

நூலடுக்கு

மிக்க நன்றி. சாலிகிராமவாசியின் மறுப்பும் தேவையானதாகவே இருந்தது. ஒரு துணைக்கேள்வி: ஷாட்நோட்டு அவர்கள் டப்பிங்கை ஒதுங்கிக்கொள்ளும் இடம்போல் எழுதியிருக்கிறார். ரோகிணி போன்றோரின் வாழ்க்கை அதற்கு எதிரான சான்று அல்லவா?

பதில் 5: பழையரீல்

ஆம், ரோகிணிக்கு அது ஒதுங்கிய இடம் அன்று. குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கிய அவர், 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குக் குரல் கொடுத்தார். 'பச்சைக்கிளி முத்துச்சரம்' படத்துக்குப் பாடல் எழுதினார். குழந்தை நடிகர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். தாம் நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்து அதையே படமாக்கியவரின் தொழில் மாற்றத்தில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது.

ஆனால் டப்பிங்கும் சங்க அட்டையால் கட்டுண்ட தொழிலே. 2018 அக்டோபரில் பாடகியும் டப்பிங் கலைஞருமான சின்மயி பாலியல் சீண்டல் புகார்களை வெளிப்படையாகப் பேசினார்; அடுத்த மாதமே, சந்தா செலுத்தவில்லை என்று காரணம் கூறி டப்பிங் கலைஞர்கள் சங்கம் அவரை நீக்கியது. அந்தக் காரணத்தை அவர் மறுத்தார். '96' படத்தில் திரிஷாவுக்குக் குரல் கொடுத்து அதே ஆண்டில் பாராட்டப்பட்டவருக்கு அதன்பின் தமிழில் டப்பிங் வாய்ப்பு அரிதாயிற்று. 2023இல் 'லியோ' படத்தில்தான் மீண்டும் திரிஷாவுக்குப் பேசினார்.

பதில் 6: வழக்காடுமொழி

கண்காட்சிக்கு ஒரு யோசனை. 'தொழில்' என்ற ஒற்றை வரியை நீக்கிவிட்டு, எந்த ஆண்டு எந்த வேலை என்று வரிசைப்படுத்துங்கள். இடையே உள்ள இடைவெளிகளையும் அப்படியே காட்டுங்கள். சுதா கொங்கராவின் குறிப்பில் 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர் மை ஃபிரண்ட்' படத்தில் எழுத்துப் பணி, பிறகு மணிரத்னத்திடம் உதவி இயக்கம், 2010இல் 'துரோகி', 2016இல் 'இறுதிச்சுற்று', 2020இல் 'சூரரைப் போற்று' என்று வரும். 'துரோகி'க்கும் 'இறுதிச்சுற்று'க்கும் இடையிலுள்ள ஆறு ஆண்டுகளைப் பார்ப்பவர்களே கவனித்துக்கொள்வார்கள்.

மற்றொன்று, 'முதல்' என்ற அடைமொழியை அளந்து பயன்படுத்துங்கள். விஜயலட்சுமியை ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அதற்கு ஆதாரம் கேட்டு யாராவது பார்வையாளர் ஏட்டில் எழுதி வைத்தால் நீங்கள்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும். 1985, 'சின்ன வீடு', ஒளிப்பதிவு என்று எழுதினாலே போதும்.