பொஸ்டன் மைதானத்தில் புளூ ஜேய்ஸ் தொப்பி: சிறு பிள்ளைகளுடன் எதிரணி இரசிகர்களாகச் செல்லலாமா?

உப்புவெளித் தாய் (திருகோணமலை)

அனைவருக்கும் வணக்கம். அடுத்த பாடசாலை விடுமுறையில் எட்டு வயது மகனையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு பொஸ்டனில் வசிக்கும் என் தங்கையின் வீட்டிற்குச் செல்லவிருக்கிறோம். அங்குள்ள ஃபென்வே பார்க் மைதானத்தில், ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணி அந்த ஊரின் ரெட் சொக்ஸ் அணியுடன் விளையாட வரும் ஒரு நாளில், பிள்ளைகளுக்கு முதன்முதலாக ஒரு பேஸ்போல் ஆட்டத்தை நேரில் காட்ட வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணா தொப்பிகளும் ஜேர்சிகளும் அனுப்பி அனுப்பியே பிள்ளைகள் இருவரையும் புளூ ஜேய்ஸ் இரசிகர்களாக்கிவிட்டார். பேஸ்போல் சம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் 2025 இறுதி ஆட்டம் நமக்கு நவம்பர் 2 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வந்தது. ஐந்தரை மணிக்கே எழுந்து அமர்ந்து, வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11 இன்னிங்ஸ் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் தங்கள் அணி 4 இற்கு 5 என்று லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்றபோது மகன் காலை உணவைத் தொடவே மறுத்துவிட்டான். இப்போது அவன் கேட்பதெல்லாம், புளூ ஜேய்ஸ் நட்சத்திரம் விளாடிமிர் குரேரோ ஜூனியரின் 27 ஆம் இலக்க ஜேர்சியை அணிந்துகொண்டு மைதானத்திற்குப் போகலாமா என்பதுதான்.

என் கணவர் தயங்குகிறார். எதிரணியின் ஊரில், எதிரணியின் மக்கள் நடுவில், சிறு பிள்ளைகளுக்கு அந்த நிறத்தை அணிவித்து ஏன் வீண் பேச்சை வரவழைக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நம்முடைய தோற்றத்தை வைத்து யாராவது தகாத வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்ற அச்சமும் அவருக்கு உண்டு. எனக்கோ, தான் நேசிப்பதை மறைத்துக்கொள் என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க மனம் இடங்கொடுக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள். எந்தப் பகுதியில் அமர்வது, எவ்வளவு நேரம் பிள்ளைகள் தாங்குவார்கள், எவற்றுக்கு அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும்?

நிலாவெளிக்காரன்

சகோதரி, உங்கள் கணவர் பக்கம் நான் நிற்கிறேன். முதல் தடவை, தெரியாத நாடு, ஐந்து வயதுக் குழந்தை. சாதாரண உடையில் போய், அரங்கத்தின் மனநிலையைப் பார்த்த பிறகு பையிலிருந்து தொப்பியை எடுத்து அணிவிக்கலாம். பிள்ளையின் ஆசை முக்கியம்தான்; ஆனால் மதுவருந்திவிட்டு வரும் பெரியவர்கள் உள்ள இடத்தில் பிள்ளையின் மீது கவனத்தைத் திருப்பாமல் இருப்பதும் பெற்றோரின் கடமை என்றே நினைக்கிறேன்.

பொஸ்டன் பக்கத்து அக்கா

நானும் திருகோணமலையில் பிறந்தவள். என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். எங்கள் வீட்டில் அனைவரும் ரெட் சொக்ஸ் இரசிகர்கள். ஆகவே எதிரணிக் குடும்பம் ஒன்று எங்கள் வரிசையில் வந்து அமரும்போது என்ன நடக்கிறது என்பதை நான் மறுபக்கத்திலிருந்து சொல்ல முடியும். புளூ ஜேய்ஸ் தொப்பி அணிந்த ஒரு சிறுமியைக் கண்டால், முன் வரிசைப் பெரியவர் திரும்பி, "உனக்கு ஒரு நல்ல தொப்பி வாங்கித் தரட்டுமா?" என்று சிரித்துக் கேட்பார்; பெரும்பாலும் அவ்வளவுதான். இந்த ஊரின் தீராப் பகை நியூ யோர்க் யாங்கீஸ் அணியுடன்தான். யாங்கீஸ் விளையாடாத நாட்களிலும் அவர்களுக்கு எதிரான கோஷம் எழுவதை நீங்களே கேட்பீர்கள். புளூ ஜேய்ஸும் அதே கிழக்குப் பிரிவில் போட்டியிடும் அணிதான் என்றாலும், அதன் மீது அத்தகைய வெறுப்பு இல்லை.

தோற்றம் பற்றிய அச்சத்திற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2017 மே 1 ஆம் திகதி, பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கறுப்பின வீரர் அடம் ஜோன்ஸ், ஃபென்வேயில் தன்னை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று வெளிப்படையாகக் கூறினார். ரெட் சொக்ஸ் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. மறுநாள் அவர் துடுப்பெடுத்தாட வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இனப்பாகுபாட்டோடு சேர்த்துப் பேசப்பட்ட முன்னாள் உரிமையாளர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த பக்கத்து வீதியும் 2018 இல் மீண்டும் ஜேர்சி வீதி என்ற பழைய பெயரைப் பெற்றது. இந்த இரண்டு பக்கமும் இந்த மைதானத்தின் வரலாறுதான். தகாத வார்த்தை காதில் விழுந்தால் வாதாட வேண்டாம். ஒவ்வொரு பகுதியிலும் நிற்கும் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். பிள்ளைகளுடன் வரும் ஒருவரின் முறைப்பாட்டை அவர்கள் அலட்சியம் செய்து நான் பார்த்ததில்லை.

உண்மையில் நீங்கள் கூடுதலாகச் சிந்திக்க வேண்டியது இருக்கை பற்றித்தான். ஃபென்வே பார்க் 1912 இல் திறக்கப்பட்டது. முதன்மை லீக்குகளில் இன்று பயன்பாட்டில் உள்ள மைதானங்களில் அதுவே மிகப் பழையது. கூரையின் கீழ் உள்ள மரத்தாலான இருக்கைகள் ஒடுக்கமானவை. கூரையைத் தாங்கும் தூண்கள் சில இருக்கைகளிலிருந்து ஆட்டத்தை மறைக்கும். பெரியவர் எட்டிப் பார்த்துக்கொள்வார். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தூணைத் தவிர வேறொன்றும் தெரியாது. எனவே வாங்குமுன் "பார்வை மறைக்கப்பட்ட இருக்கை" என்ற குறிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இடது பக்கத்தில் 32, 33 ஆம் பகுதிகள் மதுவுக்கு இடமில்லாத குடும்பப் பகுதிகளாக இருந்து வருகின்றன. உங்கள் கணவரின் அச்சத்தில் பாதி அங்கே தீர்ந்துவிடும். 37 அடி உயரமான அந்தப் புகழ்பெற்ற பச்சைச் சுவரும் அருகிலேயே இருக்கும்; பந்து அதில் மோதி விழுவதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். கூரையற்ற வெளிப்புற வாங்குகள் விலை குறைவானவை, ஆனால் வெயிலும் ஆரவாரமும் அதிகம். அங்கே வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். துடுப்பில் பட்டுப் பக்கவாட்டில் பாயும் பந்து மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேலான வேகத்திலும் வரும். 2017 இல் நியூ யோர்க்கில் ஒரு சிறுமி அப்படிப்பட்ட பந்தால் முகத்தில் படுகாயமடைந்த பிறகுதான், 2018 பருவத்திற்குள் 30 அணிகளும் வீரர்களின் காத்திருப்பிடங்களைக் கடந்து செல்லும் வரையாவது பாதுகாப்பு வலையை நீட்டின. வலைக்குப் பின்னால் உள்ள இருக்கையாக இருந்தால் நல்லது. இல்லையெனில் பந்து வீசப்படும் ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவரின் கண் ஆடுகளத்தின் மீது இருக்க வேண்டும், கைபேசியின் மீது அல்ல.

நேரத்தைப் பொறுத்தவரை, 2023 இல் பந்துவீச்சாளர் குறித்த நேரத்துக்குள் பந்தை வீச வேண்டும் என்ற கடிகாரம் வந்ததிலிருந்து ஓர் ஆட்டம் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடத்தில் முடிகிறது. அதற்கு முன் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனாலும் வந்திறங்கிய வாரத்திலேயே போகாதீர்கள். திருகோணமலைக்கும் இங்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. மாலை ஏழு மணி ஆட்டம் பிள்ளைகளின் உடலுக்கு விடிகாலை நாலரை மணி. இரண்டாவது வாரத்தில் ஒரு ஞாயிறு பகல் ஆட்டம்தான் என் தெரிவாக இருக்கும். பச்சை வழித்தடத் தொடருந்தில் கென்மோர் நிலையத்தில் இறங்கினால் சிறிது நடைதான். 11 வயது வரையான பிள்ளைகளுக்குப் பெரியவருடன் பயணம் இலவசம். நுழைவுச்சீட்டுகள் கைபேசியில் வருவதால் தங்கையின் பெயரிலேயே வாங்கிவிடுங்கள். உள்ளே பணத்தாள் வாங்குவதில்லை, அட்டை தேவை. ஹொட் டோக் பெரும்பாலும் மாட்டிறைச்சி. உங்கள் வீட்டில் அது ஆகாதென்றால் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிறிய பிளாஸ்டிக் தலைக்கவசத்தில் போட்டுத் தரும் ஐஸ்கிறீமைக் கேட்டு வாங்குங்கள்; கழுவி ஊருக்குக் கொண்டுபோகலாம்.

ஸ்காபரோ மாமா (சாம்பல்தீவு)

அக்கா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடு, ஒன்றைத் தவிர. ஞாயிறு பகல் ஆட்டம் பிள்ளைகளின் உறக்கத்திற்கு நல்லது. ஆனால் பகல் ஆட்டங்களுக்கு முன் அணிகள் பெரும்பாலும் களத்தில் துடுப்புப் பயிற்சி செய்வதில்லை. எதிரணி இரசிகருக்கு ஃபென்வேயில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வாய்ப்பு அந்தப் பயிற்சிதான். மாலை ஆட்டங்களில் சொந்த அணி முதலில் பயிற்சி செய்து முடிக்கும். ஒன்றரை மணி நேரம் முன்பு வாயில்கள் திறக்கப்படும்போது களத்தில் நிற்பது விருந்தாளி அணி. அதாவது ஊர் இரசிகர்கள் தங்கள் வீரர்களைத் தவறவிடும் நேரத்தில் நீங்கள் உங்கள் வீரர்களைப் பார்க்கிறீர்கள். அவர்களின் காத்திருப்பிடம் மூன்றாம் தளத்தின் பக்கம். பந்துவீச்சாளர்கள் வெளிக்களத்தில் பந்து பொறுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

இங்கேதான் நிலாவெளித் தம்பியின் ஆலோசனையை நான் ஏற்க மறுக்கிறேன். ஆயிரக்கணக்கான சிவப்புத் தொப்பிகளுக்கு நடுவில் ஒரு நீலத் தொப்பி, அதுவும் ஒரு சிறு பிள்ளையின் தலையில் இருந்தால், அந்த வீரர்களின் கண்ணில் படும். தன் ஊரிலிருந்து தொலைவில் விளையாடும் ஒருவர், தன் அணியின் நிறத்தில் நிற்கும் குழந்தையைக் கண்டு கையசைக்காமல் போவது அரிது. பயிற்சிப் பந்து ஒன்றை எறிந்து கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ரொறன்ரோவில் நீல நிறத்தில் வரும் பல்லாயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது. தொப்பியைப் பையில் வைத்தால் அதைப் பையிலேயே விட்டுவிட வேண்டியதுதான்.

ஆகவே பிள்ளைகள் நேரமாற்றத்திற்குப் பழகிவிட்டால் மாலை ஆட்டத்திற்குச் சென்று, பயிற்சியை நிதானமாகப் பார்த்து, ஆறாவது அல்லது ஏழாவது இன்னிங்ஸில் மகள் களைத்துவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முழு ஆட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சிறு பிள்ளைகளுக்கு இல்லை. விழித்திருந்தால் எட்டாவது இன்னிங்ஸின் நடுவில் அரங்கம் முழுவதும் ஒரே பாட்டைப் பாடும். அதில் எதிரணியென்று யாரும் இல்லை, பிள்ளைகளும் சேர்ந்து பாடலாம்.

உப்புவெளித் தாய்

மிக்க நன்றி. நீங்கள் எழுதியவற்றைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். குடும்பப் பகுதி என்றால் ஜேர்சியும் தொப்பியும் அணியட்டும் என்று சம்மதித்துவிட்டார். இன்னும் இரண்டு கேள்விகள். பந்து கைக்குக் கிடைத்தால் கிரிக்கெட்டில் போலத் திருப்பி எறிய வேண்டுமா? அணி தோற்றால் மகனை எப்படித் தேற்றுவது?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், உவர்மலை

மகளே, பேஸ்போலில் பார்வையாளரிடம் வந்த பந்து பார்வையாளருக்கே சொந்தம். எதிரணி அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) பந்தைக் களத்திற்குள் திருப்பி எறியச் சொல்லிச் சில இடங்களில் இரசிகர்கள் கூச்சலிடுவது உண்டு. அது உள்ளூர் இரசிகர்களின் வழக்கமே தவிர விதியல்ல. குரேரோ அடித்த பந்து உங்கள் மகனின் கைக்கு வந்தால் அவன் அதை மார்போடு அணைத்துக்கொள்ளட்டும்.

தோல்வியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மட்டக்களப்பு வெபர் மைதானத்திற்கு நம் பிள்ளைகளை உதைபந்தாட்டத்திற்கு அழைத்துச் சென்ற காலத்தில், தோற்ற பிறகு சொல்லும் ஆறுதலை எந்தப் பிள்ளையும் காதில் வாங்கியதை நான் கண்டதில்லை. சொல்ல வேண்டியதைப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உங்கள் மகனுக்கு எட்டு வயது. எண்கள் அவனுக்குப் புரியும். ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. உலகத் தொடரின் கடைசி ஆட்டம் வரை சென்ற அந்த 2025 புளூ ஜேய்ஸ் அணி, அவற்றில் 94 இல் வென்று 68 இல் தோற்றது. தன் பிரிவில் முதலிடம் பெற்ற அணிக்கே 68 தோல்விகள் என்று அவனையே கணக்குப் பார்க்க வையுங்கள். நாம் போகும் நாள் அந்த 94 இல் ஒன்றாகவும் இருக்கலாம், 68 இல் ஒன்றாகவும் இருக்கலாம் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டுப் புறப்பட்டால், அன்றைய மாலை அவனுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கும்.

அதற்கு மேல் இரண்டு பழக்கங்கள். தம் அணி நன்றாக ஆடும்போது எழுந்து கைதட்டலாம், ஆரவாரிக்கலாம். எதிரணி வீரர் தவறவிடும்போது கேலி செய்யக் கூடாது. எதிரணி வீரர் ஒருவர் பாய்ந்து அரிய பிடியெடுத்தால் அதற்கும் கைதட்ட வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கவனிப்பார்; அதன் பிறகு அவர் உங்கள் பிள்ளைகளுக்குத் துணையாகவே இருப்பார். மகளுக்கு ஆட்டத்தின் விதிகள் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. மூன்று தளங்களைத் தொட்டு வீடு திரும்பினால் ஓர் ஓட்டம் என்பது போதும். டச்சு வளைகுடாக் கடற்கரையில் மாலை நேரத்தில் நான்கு செருப்புகளைத் தளங்களாக வைத்து, மென்பந்தால் அண்ணனும் தங்கையும் ஓடிப் பழகட்டும். கையுறை வாங்க வேண்டுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மகனுக்கு மட்டும் சிறிய அளவில் ஒன்று போதும். இங்கே தேடி அலையாமல் ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள். புதிய கையுறையின் தோல் விறைப்பாக இருக்கும், இளகச் சில வாரங்கள் பிடிக்கும், ஆகவே இப்போதே அனுப்பச் சொல்லுங்கள்.