சின்ன பிக்கப் போதுமா, முழு அளவுதான் வேண்டுமா?

நாற்றங்கால்:
எல்லோருக்கும் வணக்கம். பிக்கப் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். தோட்டத்துக்கு மண், எரு, கல் ஏற்ற வேண்டும். அவ்வப்போது எட்டுக்கு நாலு ப்ளைவுட், பழைய அலமாரி, மேசை. மற்ற நாளெல்லாம் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் வேலைக்குப் போய் வருவதும்தான். சின்ன பிக்கப்பான ஃபோர்டு மாவெரிக்கைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கேட்கிற ஆளெல்லாம், "எடுப்பதே எடுக்கிறீர்கள், முழு அளவு எஃப்-150 எடுத்துவிடுங்கள், என்றைக்காவது தேவைப்படும்" என்கிறார்கள். எனக்கு உயரம் ஐந்தடி. ஷோரூமில் பெரிய வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று கையை நீட்டிப் பார்த்தேன், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியின் தரை எட்டவே இல்லை. அதே சமயம் மாவெரிக்கின் நாலரை அடித் தொட்டியை நம்பி இறங்கலாமா என்று பயமாகவும் இருக்கிறது. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

இழைப்புளி:
சகோதரி, தரை எட்டவில்லை என்று சொன்னீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

நான் தச்சு வேலை செய்பவன். இரண்டு அளவு வண்டியிலும் மரம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். விற்கிறவர்கள் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு இழுக்கும் என்றுதான் பேசுவார்கள். தினமும் சாமான் ஏற்றுகிறவனுக்கு முதல் கணக்கே வேறு: பொருளை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? மாவெரிக்கின் டெயில்கேட்டை, அதாவது தொட்டியின் பின்கதவைத் திறந்தால் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி. எஃப்-150-ல், அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில், மூன்றடியைத் தொடும். அரையடிதானே என்று தோன்றும். 18 மி.மீ. ப்ளைவுட் ஷீட் ஒன்று 30 கிலோவுக்குப் பக்கம் வரும். முதல் ஷீட்டில் அந்த அரையடி தெரியாது. அடுக்கிக்கொண்டே போகும்போது இடுப்பு சொல்லும். பக்கவாட்டிலும் அப்படித்தான். சின்ன வண்டியில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே நடுத்தொட்டியில் கிடக்கிற கருவிப்பெட்டியை எடுத்துவிடலாம். பெரியதில் டெயில்கேட்டைத் திறந்து, மேலே ஏறி, குனிந்து போய் எடுக்க வேண்டும். மழை நாளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்புறம், எட்டுக்கு நாலு. மாவெரிக்கில் இரண்டு சக்கர மேடுகளுக்கும் நடுவே மூன்றரை அடிதான் இருக்கிறது, நாலடி ஷீட் தரையில் படுக்காது. ஆனால் டெயில்கேட்டைப் பாதி உயரத்தில் நிறுத்தி வைக்கலாம். அப்போது அதன் விளிம்பும் சக்கர மேடுகளும் ஒரே மட்டத்துக்கு வரும், ஷீட் அவற்றின்மேல் ஆடாமல் சமமாகப் படுக்கும். அடியில் மிஞ்சுகிற இடத்தில் கருவிகளைத் தள்ளிவிடுவேன். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒரு சிவப்புத் துணி, இரண்டு ராட்செட் பெல்ட், சரி, கிளம்பலாம். தொட்டியின் சுவரிலேயே பள்ளங்கள் வார்த்திருக்கிறார்கள். ரெண்டுக்கு நாலு கட்டையை அளவாக வெட்டிச் செருகினால் தடுப்பு தயார். மண் மூட்டை ஒரு பக்கம், செடித்தொட்டி ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். இதை யோசித்து வடிவமைத்தவர் யாரோ, நிச்சயம் மரம் ஏற்றிப் பழகியவர்.

எடையைப் பார்த்தால் பலர் நம்ப மாட்டார்கள். மாவெரிக் தாங்குவது 680 கிலோ அளவுக்கு. கரடுமுரடான பாதைக்கென்று செய்த எஃப்-150 ராப்டர் தாங்குவது 635 கிலோ அளவுக்குத்தான். சாதாரண எஃப்-150 இதைவிட நிறையவே தாங்கும், அதை மறுக்கவில்லை. உருவத்தைப் பார்த்து எடையை முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள், அந்த வண்டி எவ்வளவு சுமக்கும் என்று அதில் இருக்கும். ஆட்களும் அந்த எடையில் சேர்த்தி.

இன்னொன்று. நாலு கதவு எஃப்-150, ஐந்தரை அடித் தொட்டியோடு சுமார் 5.9 மீட்டர். மாவெரிக் 5.07. முக்கால் மீட்டருக்கு மேல் நீளம் கூடுகிறது, தொட்டியில் கிடைப்பது ஓரடி. மிச்சமெல்லாம் கேபினுக்கும் முன்மூக்குக்கும் போய்விட்டது. எட்டடித் தொட்டி வைத்த பெரிய வண்டி வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குப் புரிகிறது. ஐந்தரை அடிக்காக அவ்வளவு பெரிய உடம்பை எதற்குச் சுமக்க வேண்டும்?

மண்வெட்டி:
நான் எதிர்க்கட்சி. என் தொழிலுக்குச் சின்ன மண்தோண்டி இயந்திரத்தை ட்ரெய்லரில் வைத்து இழுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் மூன்று டன்னைத் தாண்டும். மாவெரிக் அடிப்படையில் 900 கிலோ இழுக்கும், இழுவைப் பேக்கேஜ் போட்டால் 1,800. என் வேலைக்கு ஆகாது. எஃப்-150-ஐச் சரியான எஞ்சினோடு எடுத்தால் 6 டன்னுக்கு மேல்கூட இழுக்கும். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய விஷயம். இறக்கத்தில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது முன்வண்டிக்குக் கனம் இருந்தே ஆக வேண்டும். ஆனால் உங்கள் பட்டியலில் ட்ரெய்லரே இல்லை சகோதரி. "என்றைக்காவது" வந்தால் அன்றைக்கு வாடகைக்கு எடுங்கள்.

பழைய ரேஞ்சர்:
இழைப்புளி அண்ணன் சொன்னதோடு ஒரு வரலாறு. அமெரிக்கச் சந்தையில் சின்ன பிக்கப்புகள் ஒரு காலத்தில் நிறைய இருந்தன. ஷெவர்லே எஸ்-10 2004-ல் நின்றது, பழைய ஃபோர்டு ரேஞ்சர் 2011-ல் நின்றது. ஆளுக்கு ஆசை தீர்ந்து நின்றவை என்று நான் நம்பவில்லை. 1964 முதல் இறக்குமதி பிக்கப்புக்கு 25 சதவீத வரி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிமேல் வரி போட்டதற்குப் பதிலடியாக வந்தது. கோழிச் சண்டை ஓய்ந்தும் பிக்கப் வரி ஓயவில்லை. அதற்குமேல், எரிபொருள் விதியை நாலு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்துக் கணக்கிட்டார்கள். பரப்பு பெருத்தால் எட்ட வேண்டிய மைலேஜ் இலக்கு தளரும், அதனால் வண்டியைப் பெரிதாக்குவதே லாபம். ரேஞ்சர் 2019-ல் திரும்பி வந்தபோது ஒரு சுற்றுப் பெருத்துத்தான் வந்தது.

ஜப்பானின் கெய் டிரக்கை, அதாவது அங்குள்ள மிகச் சின்ன வகை டிரக்கைப் பாருங்கள். மொத்த நீளமே 3.4 மீட்டர், எஞ்சின் 660 சிசி. ஓட்டுநரை முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார வைத்துவிட்டதால் தொட்டி ஆறடிக்கு மேல் கிடைக்கிறது, மூன்று பக்கமும் மடக்கிக்கொள்ளலாம். தாங்குவது 350 கிலோதான், வேகச் சாலைக்கும் ஆகாது. ஆனாலும் இடத்தை எப்படிச் சேமிப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதாகச் சொன்னீர்கள். பேனட் உயரத்தையும் தயவுசெய்து பாருங்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பேனட் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த பேனட் உள்ள வண்டியைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம் என்றது. பள்ளி வாசலில் வண்டிக்கு முன்னால் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற குழந்தை, உயர்ந்த பேனட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

நாற்றங்கால்:
எல்லோருக்கும் நன்றி. அந்த ஷூ லேஸ் விஷயத்தைப் படித்ததும் வீட்டில் விவாதம் முடிந்துவிட்டது. இழைப்புளி அண்ணா, இரண்டு கேள்வி. ஈர மண்ணைக் கொட்டி எடுத்து வந்தால் தாங்குமா? எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடா, வெறும் பெட்ரோல் டர்போவா?

இழைப்புளி:
ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன் அளவுக்கு வரும். தொட்டி நிறைய அள்ளிப் போடச் சொல்லாதீர்கள். அடியில் மூன்றில் ஒரு கன மீட்டர் பரப்பினாலே 500 கிலோ, அதோடு நீங்களும் உட்கார்ந்தால் போதும். எரு லேசு, அதைத் தாராளமாகப் போடலாம். மண்ணுக்கு இரண்டு நடை போங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு ஹைபிரிட்தான். நகரத்துக்குள் நின்று நின்று போகிற இடத்தில்தான் அது எரிபொருளை மிச்சப்படுத்தும். நாலு சக்கர இழுவையும் வேண்டும் என்றால் 2025 மாடலிலிருந்து ஹைபிரிடிலேயே கிடைக்கிறது. வண்டி எடுக்கும்போது தொட்டிக்கு ரப்பர் விரிப்பு ஒன்று போட்டுவிடுங்கள், கல் ஏற்றினால் பெயின்ட் போய்விடும்.