டோரதி சேண்ட்லர் நிஜமாவே அள்ளிக் குடுத்தவங்களா, இல்ல அடுத்தவங்க பைல இருந்து எடுக்கத் தெரிஞ்சவங்களா?

பொட்டலப்பேப்பர்:
போன வாரம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ஆபரா பாக்கப் போனேன், டிக்கெட் விலைக்கு மேல் பால்கனிதான் கிடைச்சுது, கழுத்து வலி இன்னும் போகல. இடைவேளைல கீழ இறங்கி அந்த பெரிய சரவிளக்கையெல்லாம் வாய பொளந்து பாத்துட்டு இருந்தேன், அப்பதான் தோணுச்சு, டோரதி சேண்ட்லர் பெவிலியன்னு காலங்காலமா சொல்றோமே, யாரு இந்தம்மா? தேடிப் பாத்தா லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பேப்பர் வீட்டு மருமக, கலைக்காக பெரிய வள்ளல்னு போட்டிருக்கு. ஆனா எவ்ளோ குடுத்தாங்கன்னு பாத்தா எல்லா இடத்துலயும் "திரட்டினார், திரட்டினார்"னே இருக்கு. வசூல் பண்ணவங்க பேர ஏன் ஹாலுக்கு வெக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, சண்டைக்கு இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான்.

மைக்ரோஃபிலிம்:
நல்ல கேள்வி தம்பி. உங்க சந்தேகம் பாதி சரி. அந்தம்மா சாதிச்சதே அந்த "திரட்டினார்"லதான் இருக்கு.

கொஞ்சம் முன்னாடிலேர்ந்து வரேன். பொறந்தது 1901, இல்லினாய்ல. வளந்தது லாங் பீச்ல, அப்பா அங்க பஃபம்ஸ்னு ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் வெச்சிருந்தாரு. அந்த பஃபம்தான் சுருங்கி 'பஃப்' ஆயிடுச்சு, கடைசி வரைக்கும் தெரிஞ்சவங்க அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஸ்டான்ஃபோர்டுல படிக்கும்போது நார்மன் சேண்ட்லர பாத்து 1922ல கல்யாணம். புகுந்த வீட்டுல இவங்கள 'கடைக்காரர் பொண்ணு'ன்னு கீழதான் பாத்தாங்க. முப்பதுகள்ல மனசு ஒடஞ்சு, பாசடீனால ஒரு மனநல டாக்டர்கிட்ட மாசக்கணக்குல தங்கி சரியாகி வந்தாங்க. அதுக்கப்புறம் வந்த ஆளு வேற ஆளு.

1951ல ஹாலிவுட் பவுல்ங்கற தொறந்தவெளி கச்சேரி அரங்கம் கடன்ல மாட்டி சீசன் நடுவுலயே இழுத்து மூடிட்டாங்க. இவங்க ஒரு அவசரக் கமிட்டிக்கு தலைவியாகி, இசைக்கலைஞர்கள சம்பளமே வாங்காம வாசிக்க வெச்சு கச்சேரி நடத்தி மறுபடி தொறந்தாங்க. அங்க ருசி கண்டுட்டாங்கன்னு நெனைக்கிறேன். அடுத்து நகரத்துக்குன்னு ஒரு நல்ல மியூசிக் ஹால். அதுக்கு அரசாங்கம் பாண்டு (கடன் பத்திரம்) போட்டு பணம் எடுக்கலாமான்னு மக்கள்கிட்ட ஓட்டு கேட்டா ஜனங்க வேணாம்னு தோக்கடிச்சிட்டாங்க, வரிப்பணத்துல பணக்காரங்க வயலின் கேக்கறதான்னு. சரி, தனியார்கிட்டயே போவோம்னு 1955ல அம்பாசடர் ஹோட்டல்ல ஒரு பார்ட்டி, கேடிலாக் எல்டொராடோ கார காட்டி ஆள இழுத்தாங்க, ஒரே ராத்திரில 4 லட்சம் டாலர். கடைசில தனியார் பணமா மட்டும் கிட்டத்தட்ட 20 மில்லியன் டாலர், மிச்சத்துக்கு கவுண்டி (மாவட்ட நிர்வாகம் மாதிரி) வழியா பாண்டு. 1964 டிசம்பர் 6ந்தேதி ஹால தொறந்தாச்சு, அதே மாசம் டைம் பத்திரிகை அட்டைல இவங்க படம்.

ஓரப்பார்வை:
மைக்ரோஃபிலிம் சார் சொன்னதெல்லாம் சரி, ஆனா ரொம்ப பாலிஷா இருக்கு. கேக்கறது யாருன்னு பாக்கணும்ல? ஊரோட பெரிய பேப்பர் ஓனர் பொண்டாட்டி போன் பண்ணி "உங்க கம்பெனி எவ்ளோ தருது"ன்னா எந்த முதலாளி இல்லன்னு சொல்லுவான்? நாளைக்கு அவன் பேரு பேப்பர்ல எப்படி வரும்னு அவனுக்குத் தெரியாதா. யாரும் மெரட்ட வேண்டியதே இல்ல, அந்த விசிட்டிங் கார்டே போதும். அதோட, டவுன்டவுன் செழிச்சா அங்க ஆபீஸ் வெச்சிருக்கற பேப்பருக்கும் லாபம்தான்.

இன்னொண்ணு, அந்த ஹால் இருக்கற பங்கர் ஹில். அந்தக் காலத்துல பழைய விக்டோரியா பாணி வீடுங்க, அதுல ரூம் ரூமா வாடகைக்கு வயசானவங்களும் கைல காசில்லாதவங்களும் இருந்தாங்க. 1959ல மறுசீரமைப்பு திட்டம் பாஸ் ஆகி, வருஷா வருஷம் இடிச்சு மலையையே வழிச்சு எடுத்துட்டாங்க. ஹால் நிக்கறது கவுண்டி நெலம்தான், இடிச்சது இந்தம்மா இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அந்த மலை உச்சில சலவைக்கல்லும் சரவிளக்குமா பாக்கறப்போ பக்கத்துல யாரு இருந்தாங்கன்னும் ஞாபகம் வரணும். எனக்கு வரும்.

மைக்ரோஃபிலிம்:
ஓரப்பார்வை சொல்றத மறுக்கல, பேப்பர் பலம் இல்லாம இது நடந்திருக்காது. ஆனா அந்த பலம் செல்லாத இடம் ஒண்ணு இருந்துது, அதுதான் எனக்கு இந்தக் கதைல பெருசு. அப்போ ஊருல ரெண்டு பணம். ஒண்ணு பாசடீனா, ஹான்காக் பார்க் பக்கம் பழைய பணம். இன்னொண்ணு மேற்குப் பக்கம் சினிமாலயும் சேமிப்பு வங்கிலயும் வந்த புதுப் பணம், அதுல யூதர்கள் நிறைய. பழைய பணக்காரங்க கிளப்புங்க யூதர்கள உறுப்பினராவே சேத்துக்காது, அந்தப் பக்கம் அவங்களுக்குன்னு தனி கிளப். ரெண்டு கூட்டமும் ஒரே மேஜைல உக்காந்ததே கிடையாது. இவங்க ரெண்டு பக்கமும் போனாங்க. புகுந்த வீட்டு ஆளுங்களுக்கே புடிக்கல, இவங்க கவலப்படல. இப்போ பெவிலியன் வெளில அந்த பிளாசால (திறந்த முற்றம்) நின்னு பாருங்க, ஒரு தியேட்டர் மார்க் டேப்பர் பேர்ல, ஒண்ணு அமான்சன் பேர்ல, ரெண்டும் 1967ல தொறந்தது. ரெண்டு பேருமே சேமிப்பு-கடன் கம்பெனில சம்பாரிச்சவங்க, டேப்பர் யூதர். அந்த ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல வர்றதுக்கு ஒரு ஆளு நடுவுல நின்னிருக்கணும்ல.

சின்னக் காசையும் விடல, பக் பேக்னு பேப்பர் பை குடுத்து ஆளுக்கொரு டாலரா போடச் சொல்லி சாதா ஜனங்ககிட்டயும் வசூல் பண்ணாங்க.

ராத்திரிஷிஃப்ட்:
யாருமே நம்ம ஜுபின் மேத்தாவ சொல்லலையே! தொறப்பு விழா கச்சேரிய நடத்துனதே அவருதான், வயலின்ல ஹைஃபெட்ஸ். மேத்தா அங்க வந்த கதை சுவாரசியம். லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை இயக்குநரா ஜார்ஜ் சோல்டிய புக் பண்ணிருந்தாங்க. அவர்கிட்ட ஒரு வார்த்த கேக்காம இந்தம்மா மேத்தாவுக்கு துணை நடத்துநர் வேலைய பேசிட்டாங்க, சோல்டி கடுப்பாகி 1961ல சேர்றதுக்கு முன்னாடியே ராஜினாமா. அப்புறம் பாம்பேக்காரர் 26 வயசுல இயக்குநர் ஆயிட்டாரு! நமக்கு நல்லதுதான், ஆனா வேலை செய்ய வந்த ஆளு சோல்டி எடத்துல நின்னு பாத்தா எரிச்சல் வரத்தான் செய்யும்.

உடை வடிவமைப்பாளர் பானு அதையா காந்தி படத்துக்கு ஆஸ்கர் வாங்குன மேடையும் இதே பெவிலியன்தான், 1983ல. பொட்டலப்பேப்பர் ப்ரோ, நீங்க கழுத்த வளச்சு பாத்தது அந்த மேடையத்தான் 😄

பொட்டலப்பேப்பர்:
அய்யோ இது தெரியாம பாப்கார்ன் கெடைக்காதான்னு தேடிட்டு இருந்தேன். எல்லாருக்கும் நன்றி. ஓரப்பார்வை சொன்ன பங்கர் ஹில் விஷயம் சுத்தமா தெரியாது, பழைய போட்டோ தேடிட்டு இருக்கேன். ஒரு டவுட்டு, ஹால் கட்டறது ஒரு தடவை, தெனமும் லைட்டு எரிய, வாசிக்கறவங்களுக்கு சம்பளம் குடுக்க யாரு பணம்?

மைக்ரோஃபிலிம்:
அதுக்கும் அந்தம்மா 1968லயே வழி பண்ணிட்டாங்க. பெண்களா சேத்து ஒரு குழு, ப்ளூ ரிப்பன் 400ன்னு, ஆளுக்கு வருஷம் 1000 டாலர். செக் எழுதுறதோட நிக்காம கூடவே வேல செய்யவும் சொன்னாங்க. 1997ல 96 வயசுல அவங்க போனப்புறமும் அந்தக் குழு ஓடிட்டு இருக்கு. ஆனா ஆர்கெஸ்ட்ரா 2003ல தெரு தாண்டி டிஸ்னி ஹாலுக்கு போயிடுச்சு. அது வால்ட் டிஸ்னி மனைவி லில்லியன் டிஸ்னி 1987ல ஒரே வீச்சுல குடுத்த 50 மில்லியன்ல ஆரம்பிச்சது. நீங்க தேடுற 'சொந்தப் பணம் குடுத்தவங்க' அந்தத் தெருவுக்கு எதிர்ப் பக்கம்.

ஓரப்பார்வை:
அந்த ஹாலுக்கும் 50 பத்தாம மறுபடி ஊரெல்லாம் கையேந்தினாங்க சார், அதையும் சொல்லுங்க.