10 மீட்டரில் ஜீரோ, 25 மீட்டரில் 3 செ.மீ. மேலே: ஏர் ரைஃபிள் ஸ்கோப்பை எந்தத் தூரத்தில் ஜீரோ செய்வது?

சுருள்வில் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது .177 அங்குலக் குழல் கொண்ட ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். மேலே 3-9 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும்), முன்பக்கம் பேரலாக்ஸ் வளையம் (கண் நகர்ந்தால் குறி விலகித் தெரிவதை அந்தந்தத் தூரத்துக்குச் சரிசெய்வது) உள்ளது. 8.44 கிரெய்ன் உருண்டைத் தலை பெல்லட் போடுகிறேன். குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) வினாடிக்கு 240 மீட்டரை ஒட்டிக் காட்டுகிறது.

10 மீட்டரில் பொறுமையாக ஜீரோ செய்தேன், அதாவது குறிவைத்த இடத்திலேயே பெல்லட் விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தேன். பெல்லட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அதே அமைப்பில் 25 மீட்டரில் சுட்டால் எல்லாமே குறிக்கு 3 செ.மீ. மேலே போய் விழுகின்றன. அங்கேயும் சிதறவில்லை, நெருக்கமாகத்தான் இருக்கின்றன. தூரம் கூடினால் பெல்லட் கீழேதானே இறங்க வேண்டும்? ஸ்கோப்பில் கோளாறா, அதைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுன்ட் சரியில்லையா? நான் சுடுவது காகித இலக்கும் சின்ன இரும்புத் தகடுகளும்தான், 10 முதல் 35 மீட்டருக்குள்.

ஈயக்குண்டு:

ஸ்கோப்பிலும் கோளாறு இல்லை, மவுன்ட்டிலும் இல்லை. நீங்கள் சொல்லும் 3 செ.மீ. கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. உங்கள் துப்பாக்கி இப்போது 10 மீட்டருக்கு மட்டுமல்ல, ஏறக்குறைய 42 மீட்டருக்கும் ஜீரோ ஆகியிருக்கிறது. அங்கே ஒரு அட்டையை வைத்துச் சுட்டுப் பாருங்கள், குறியிலேயே போய் உட்காரும்.

காரணம் இதுதான். ஸ்கோப் குழலுக்கு மேலே இருக்கிறது. இரண்டின் மையங்களுக்கும் இடையே உள்ள உயரம் பெரும்பாலான துப்பாக்கிகளில் 4 முதல் 5 செ.மீ. வரை. பெல்லட் உங்கள் பார்வைக் கோட்டுக்கு அவ்வளவு கீழேயிருந்து கிளம்புகிறது. 10 மீட்டருக்குள் அந்த உயரத்தை எட்ட வேண்டும் என்றால் குழல் கொஞ்சம் செங்குத்தாகவே மேல்நோக்க வேண்டும். 10 மீட்டரில் கோட்டைத் தொட்ட பெல்லட் அங்கேயே நின்றுவிடாது. தொடர்ந்து ஏறும், நடுவில் உச்சிக்குப் போகும், பிறகு இறங்கி இன்னொரு முறை கோட்டை வெட்டும். ஆக ஒவ்வொரு ஜீரோவுக்கும் கிட்டத்தில் ஒரு புள்ளி, தொலைவில் ஒரு புள்ளி. நீங்கள் கிட்டப் புள்ளியை 10-இல் வைத்ததால் தொலைப் புள்ளி எங்கோ போய்விட்டது, நடுவில் வளைவு பெரிதாக எழும்பிவிட்டது.

அதனால் "எந்தத் தூரத்தில் ஜீரோ செய்வது" என்பதை நான் முதல் கேள்வியாக எடுத்துக்கொள்வதே இல்லை. முதல் கேள்வி: உங்கள் இலக்கு எவ்வளவு பெரிது, எத்தனை மில்லிமீட்டர் மேலே கீழே போனால் பரவாயில்லை? அதைச் சொன்னால் தூரம் தானாக வந்துவிடும்.

12 மி.மீ. அகல வட்டம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது மேலே 6, கீழே 6. உங்கள் வேகம், உங்கள் பெல்லட், 45 மி.மீ. ஸ்கோப் உயரம் போட்டுக் கணக்கிட்டேன். 30 மீட்டரில் ஜீரோ செய்தால் 10 மீட்டரில் சுமார் 10 மி.மீ. கீழே, 15-இல் குறியிலேயே, 20-இலும் 25-இலும் 6 மி.மீ. மேலே, 30-இல் குறியில், 35-இல் 12 மி.மீ. கீழே, 40-இல் 30 மி.மீ. கீழே. அதாவது 12 மீட்டரிலிருந்து 32 மீட்டர் வரை குறுக்குக் கம்பியை நேராக நடுவில் வைத்துச் சுடலாம், யோசிக்கவே வேண்டாம். இருபது மீட்டர் அகலத்துக்கு ஒரே குறி! உங்கள் இரும்புத் தகடுகளுக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

25-இல் ஜீரோ செய்தால் வளைவு இன்னும் தட்டையாகும், 14-லிருந்து 29 மீட்டர் வரை 6 மி.மீ.க்குள்ளேயே நிற்கும். ஆனால் 35-இல் 20 மி.மீ. கீழே போய்விடும். நீங்கள் 35 வரை போகிறவர் என்பதால் என் வாக்கு 30-க்குத்தான். "ஜீரோ தூரம் அதிகமாக இருந்தால் நல்லது" என்று 40-இல் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதில் 25 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் மேலே போகும், அதிகமாகச் சுடுகிற தூரமே கெட்டுவிடும். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் டரட் (ஸ்கோப்பின் மேலுள்ள திருகு) ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்தான் ஒரு எம்.ஓ.ஏ.) என்றால் 25 மீட்டரில் ஒரு கிளிக் 1.8 மி.மீ. நகர்த்தும். இருக்கும் நிலையிலிருந்து சுமார் 14 கிளிக் கீழே இறக்குங்கள், 30 மீட்டர் ஜீரோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மிச்சத்தை 30 மீட்டரிலேயே சுட்டுச் சரிசெய்யுங்கள். காற்று அடங்கிய நேரமாகப் பாருங்கள், .177 பெல்லட்டை லேசான காற்றே பக்கவாட்டில் தள்ளிவிடும்.

என் கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். நீளமான காகிதம் ஒன்றில் வரிசையாகப் புள்ளிகள் வைத்து, 10, 15, 20, 25, 30, 35 என்று நகர்ந்து ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு புள்ளியை நேர் நடுவில் குறிவைத்து ஐந்தைந்து சுடுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் நடுவும் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். அந்தக் காகிதம்தான் உங்கள் துப்பாக்கியின் உண்மையான அட்டவணை. பெல்லட் மாறினால் மறுபடியும் சுட வேண்டும்.

மூன்றாம்கிளிக்:

ஈயக்குண்டு சொன்னது முழுக்கச் சரி. ஆனால் இதைப் படிக்கும் .22 நண்பர்கள் 30-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னுடையது வினாடிக்கு 180 மீட்டர்தான் போகும், வளைவு அதிகம். 23 மீட்டரில் ஜீரோ வைத்திருக்கிறேன், 10-லிருந்து 25 வரை 5 மி.மீ.க்குள் நிற்கிறது. 30-க்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும், அங்கே கீழ்ப் புள்ளியைப் பிடித்துத்தான், அதாவது குறுக்குக் கம்பியின் நடுவுக்குக் கீழே உள்ள புள்ளியை இலக்கில் வைத்துத்தான் சுட வேண்டும்.

இன்னொன்று, ஸ்கோப்பை மாட்டும்போது ரசமட்டம் வைத்துக் கம்பி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கி சாய்ந்திருந்தால் ஒரு தூரத்தில் நடுவில் விழுவது அடுத்த தூரத்தில் பக்கவாட்டில் ஒதுங்கும். பலர் அதைக் காற்றின் தலையில் போடுகிறார்கள்.

சுருள்வில்:

மிக்க நன்றி, இருவருக்கும். 14 கிளிக் இறக்கினேன், 30-இல் இன்னும் இரண்டு கிளிக் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. 20-இலும் 25-இலும் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலேதான் விழுகிறது. நடுத்தூரம் முழுக்கத் தகடு மணிபோல அடிக்கிறது. இரண்டு சந்தேகம். 10-க்கும் 35-க்கும் ஒவ்வொரு முறையும் டரட்டைத் திருப்பணுமா? அப்புறம், பேரலாக்ஸ் வளையத்தை எங்கே வைப்பது?

ஈயக்குண்டு:

டரட்டைத் தொடாதீர்கள். ஹன்டர் ஃபீல்ட் டார்கெட் என்ற ஏர் ரைஃபிள் போட்டிகளில் சுற்று தொடங்கிய பிறகு ஸ்கோப்பைத் தொடவே கூடாது என்பது விதி. அவர்கள் 8 கெஜத்திலிருந்து 45 கெஜம் வரை புள்ளிகளைப் பிடித்தே சுடுகிறார்கள். உங்களுடையது மில்-டாட் (கம்பியில் ஒரு மில் இடைவெளியில் புள்ளிகள் உள்ள ஸ்கோப்) என்றால் வேலை சுலபம்: ஒரு மில் என்பது 10 மீட்டரில் 10 மி.மீ., 35 மீட்டரில் 35 மி.மீ. ஆகவே 10 மீட்டரில் முழுசாக ஒரு புள்ளி, 35-இல் மூன்றில் ஒரு பங்கு. இரண்டுக்குமே நடுக் கம்பிக்குக் கீழே உள்ள புள்ளியைத்தான் இலக்கில் வைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு இடத்திலும் பெல்லட் கீழே விழுகிறது. கிட்டத்தில் மேலே போகும் என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான ஸ்கோப்களில் இந்தப் புள்ளி அளவு ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சரியாக இருக்கும். பெருக்கத்தை மாற்றினால் கணக்கும் மாறிவிடும். 3-9 ஸ்கோப்பில் அது பெரும்பாலும் 9-இல் இருக்கும், ஸ்கோப்போடு வந்த தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். எதில் அளந்தீர்களோ அதிலேயே எப்போதும் சுடுங்கள்.

பேரலாக்ஸ்: அட்டைக்குச் சுடும்போது அந்தந்தத் தூரத்துக்கு வையுங்கள். தூரம் மாறி மாறி வரும்போது 22-லிருந்து 25-க்குள் வைத்துவிட்டு, கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். 15 மீட்டருக்குள் கண் விலகினால் குறியும் விலகும்.

மணிபோல அடிக்கிறது என்றீர்களே, அந்தத் தகடு 10 மீட்டரில் இருக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போடுங்கள். தகட்டை மேல் விளிம்பு உங்கள் பக்கம் சாயும்படி மாட்டுங்கள், சிதறும் ஈயம் தரையை நோக்கிப் போகும்.