புதுப்பிப்பு: கிட்டார் கழுத்தில் நீராவிக்கு மசியாத பள்ளம்

பள்ளத்தின் மேல் ஈரத்துணி வைத்து, சூடான சால்டரிங் அயர்னால் (பற்றவைக்கும் கருவி) தொட்டு ஆவி ஏற்றும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அது எண்ணெய் மட்டும் பூசிய மேப்பிள் மரக் கழுத்துக்குத்தான். நசுங்கிய நார் ஆவியில் உப்பி மேலே வரும். பளபள பாலியூரிதேன் பூச்சுக்குள் ஆவி இறங்காது. அங்கே பள்ளத்தை நிரப்பத்தான் வேண்டும்.

பள்ளத்தைத் துடைத்து, தண்ணீர்போல ஓடும் சூப்பர் குளூவை ஊசிமுனையால் ஒரு சொட்டு வையுங்கள். காய்ந்ததும் இன்னொன்று, லேசாக மேடு தட்டும்வரை. தயவுசெய்து ஆக்சிலரேட்டர் (பசையைச் சட்டென இறுக்கும் ஸ்ப்ரே) அடிக்காதீர்கள், குமிழி விட்டு வெளுத்துவிடும்.

மறுநாள் பிளேடின் இரு ஓரத்திலும் டேப் ஒட்டி, நடுவில் திறந்திருக்கும் விளிம்பால் மேட்டை மட்டும் சுரண்டுங்கள். டேப்பின் கனம் சுற்றுப் பூச்சைக் காக்கும். பிறகு தண்ணீர் தொட்டு 800, 1500, 2000 உப்புத்தாள். நகம் தடுக்காமல் வழுக்கினால் போதும்.

நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பூச்சில் சூடே வேண்டாம், கொப்பளிக்கும்.