குரூகர் பூங்காவுக்குள் நாங்களே ஓட்டிப் போகலாமா?

கரிப்பட்டைக்காரன்:
வணக்கம். வருகிற ஓகஸ்ட் பள்ளிக்கூட லீவுக்குத் தென்னாபிரிக்கா போக யோசிக்கிறோம். மச்சான் ஜோகன்னஸ்பேர்க்கில் இருக்கிறார், ரிக்கெற்றை மட்டும் எடுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்கிறார். நான், மனைவி, பத்து வயது மகள், நாலரை வயது மகன், அம்மா. அங்கே குரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குள் சொந்தமாக வாகனம் ஓட்டிப் பார்ப்பது நல்லதா, இல்லை அவர்களுடைய திறந்த வாகனத்தில் போவதா? அம்மாவோடு வேறு பெரிய சண்டை. ஒட்டுசுட்டான் காணியில் அவ வைத்த தென்னம்பிள்ளை இருபதையும் போன மாரியில் யானை ஒரே இரவில் குருத்தோடு இழுத்துத் தின்றுவிட்டது. "இஞ்சை வேலிக்குள்ளை வாறதைப் பாக்கக் காசு கட்டிப் பிளேன் ஏறோணுமோ" என்று கேட்கிறா.

பாலைநிழல்:
நாங்கள் 2019 ஓகஸ்டில் போனோம். நீங்களே ஓட்டுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பூங்காவின் திறந்த வாகனங்களில் ஏற்றமாட்டார்கள், ஆகவே உங்கள் மகனுக்கு வேறு வழியும் இல்லை. அங்கேயும் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கேயே எடுத்துக்கொண்டு போங்கள். சாதாரண கார் போதும், ஆனால் வான் கிடைத்தால் புல்லுக்கு மேலால் பார்க்கலாம்.

தார் றோட்டில் 50, கிரவல் றோட்டில் 40, அதுக்கு மேலே ஓடக்கூடாது. நாங்கள் முதல் நாள் பேராசைப்பட்டு ஸ்குகூசா என்ற தங்கும் முகாமிலிருந்து சட்டாரா முகாமுக்குப் போய்த் திரும்பினோம், கிட்டத்தட்ட 180 கிலோமீற்றர், கேற் பூட்ட முன்னம் வந்து சேரவேண்டும் என்ற பதற்றத்தில் இம்பாலா மான்களின் பின்பக்கத்தைத் தவிர ஒன்றும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அடுத்த நாள் லோவர் சாபி முகாமுக்குப் பக்கத்தில் சன்செற் அணையடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தோம். அணை என்று பெயர், எங்கள் கணக்கில் அது சின்னக் குளம். நீர்யானையின் காது மட்டும் தண்ணீருக்கு மேலே துடிக்கும், பக்கத்திலேயே முதலை மரக்குற்றி மாதிரிக் கிடக்கும். பிறகு யானைக் கூட்டம் வந்தது. அதில் ஒரு குட்டிக்குத் தும்பிக்கையால் குடிக்கத் தெரியவில்லை, முன்னங்காலை மடித்து வாயை நேரே தண்ணீரில் வைத்தது. என் பிள்ளைகள் சிங்கத்தை மறந்துவிட்டு இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவார்கள். ஓகஸ்ட் வறண்ட காலம், மிருகம் தண்ணிக்கு வந்தே ஆகவேண்டும். தேடி ஓடாதீர்கள்.

இன்னொன்று, வண்டியை விட்டு இறங்க முடியாது. முகாமிலும் பிக்னிக் இடங்களிலும்தான் ரொய்லற், அம்மாவுக்காக அதை முதலே கணக்குப் பாருங்கள்.

யானைவெடி:
உங்கள் அம்மாவின் பக்கம்தான் நான், எங்கள் வயலிலும் இதே கதை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். இங்கே தந்தம் கண்டால் கொம்பன், ஆண் என்று தெரியும், மற்ற ஆண் எல்லாம் அலியன். அங்கே பெட்டைக்கும் தந்தம் இருக்கும், ஆகவே தந்தத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கன்னப்பொறியில் நீர் வடிந்து, மூத்திரமும் சொட்டிக்கொண்டு தனியே வருகிறது என்றால் மதம், மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டியை விடவே கூடாது. ஏ9 இல் கட்டாக்காலி மாட்டுக்கு அடிக்கிற மாதிரி ஹோர்ன் அடிக்காதீர்கள்.

வவுனியா_தாதி:
குரூகரில் மலேரியா இருக்கிறது. ஓகஸ்டில் ஆபத்துக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்லமுடியாது. எங்கள் நாடு மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது, வன்னியில் காய்ச்சலோடு கிடந்த காலம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாடு போகிறவர்களுக்கு மலேரியாத் தடை இயக்கம் மாத்திரையை இலவசமாகத் தருகிறது, சின்னவனின் நிறையைச் சொல்லிக் கேளுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் என்றால் ஆபிரிக்கா போனதை முதலே சொல்லுங்கள். பிறகு, விமானம் நைரோபி வழியாக என்றால், அங்கே 12 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவேண்டி வந்தால் தென்னாபிரிக்காவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கேட்பார்கள்.

கரிப்பட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. சரி, வான் எடுக்கிறோம், ஒரு நாளைக்கு ஒரு குளம். குட்டி வாயால் தண்ணி குடித்த கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அங்கை விடியக் குளிருமோ" என்று கேட்கிறா.

பாலைநிழல்:
குளிரும், விடிய 10 பாகைக்குக் கீழேயும் போகும். நுவரெலியாவுக்கு எடுக்கிற சுவெற்றரை எடுத்து வையுங்கள்.