புதுப்பிப்பு: ஃபக்ஸில் முதல் பக்கம் மட்டும் தெரிந்த பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: கிளிநொச்சியில் எங்கள் கந்தோருக்கு வரும் ஃபக்ஸ்களை ஹைலாஃபக்ஸ் (ஃபக்ஸை வாங்கும் மென்பொருள்) சர்வர் மின்னஞ்சல் இணைப்பாக அனுப்புகிறது, மூன்று பக்கம் வந்தாலும் கைபேசியில் ஒன்றுதான் தெரிகிறது என்று.

லைனில் பிழை இல்லை. சர்வர் பதிவில் மூன்று பக்கமும் இருந்தன. மின்னஞ்சலில் வரும் இணைப்பு டிஃப் என்ற வகைப் படக் கோப்பு; ஒரே கோப்புக்குள் பல பக்கம். கைபேசிச் செயலி முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. சர்வரில் ஃபக்ஸ்டிஸ்பாட்ச் என்ற அமைப்புக் கோப்பில், இணைப்பின் வகையைச் சொல்லும் ஃபைல்டைப் வரியை பிடிஎஃப் என்று மாற்றினேன். சரியாகிவிட்டது.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. ஒட்டுசுட்டான் கிளை அக்கா கையால் எழுதி அனுப்பும் விதைநெல் பட்டியலில் மெய்யெழுத்துப் புள்ளிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஊர்ப்பெயரை ஊகித்துத்தான் வாசித்தோம். சாதாரண தரத்தில் அங்குல உயரத்துக்கு 98 கோடுதான் பதிவாகும். ஃபைன் தரத்தில் 196. அனுப்புகிறவர்தான் தன் மெஷினில் ஃபைனை அமத்த வேண்டும், வந்த பிறகு சர்வரால் ஒன்றும் செய்ய முடியாது. அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நேற்று வந்த பட்டியலில் 'முத்தையன்கட்டு' மூன்று புள்ளியோடும் தெளிவாக நின்றது. போன மாதம் பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.